ஒன்பது பாட்டு, ஏழு விரல்

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மூச்சு என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் உண்டு. விரிப்புகளைத் தேய்க்கிற சூடான உருளைகளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் பஞ்சு பறக்கிற காற்றை அளந்துதான் உள்ளே இழுப்பார்கள். விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து உருளைக்குள் விட்டு, கடைசி முழம் உள்ளே போகிறவரை மூச்சை அடக்கி, பிறகு முகத்தைத் திருப்பி ஒரு வாய் காற்று. பதினோரு வருஷம் இப்படி நின்று பழகியவளுக்கு மற்ற பாடகர்கள் நாலு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிற இடத்தில் பதினாறு வரியை ஒரே தம்மில் கொட்டிவிட முடிந்தது. ராப் பாட்டுக்கு அதைவிட வேறென்ன மூலதனம் வேண்டும்?

குழுவின் பெயர் ஈரத்துணி. மூன்று பேர். மூச்சு பாட்டு எழுதிப் பாடுவாள். அவள் கணவனின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். தாளம் முழுவதும் அவன் கணினியில் கட்டுவது. மூன்றாவது ஆள் சலூன்காரன். இருபத்தாறு வயதிலேயே தலை வெளுத்துப்போனதால் அவனுக்கு நரை என்று பெயர். ஊர்த் தலையெல்லாம் கறுப்படிக்கிறவன் தன் தலையை மட்டும் தொடமாட்டான். "விளம்பரப் பலகைக்குக் காசு குடுக்க முடியாதுல்ல, இதுதான் என் பலகை" என்பான். வாடிக்கையாளர் ஓடிப்போகிற பலகை அது என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

முதல் ஆல்பத்தைக் கொழுந்தனின் குளியலறையில் போர்வை கட்டிப் பதிவு செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் திறந்தால் பாட்டு நிற்கும். எட்டுப் பாட்டு. அது ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பேருந்து, உடற்பயிற்சிக்கூடம், கல்யாண ஊர்வலம் என்று போய், கடைசியில் ஒரு பாட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர் காதில் விழுந்தது. "இரண்டாவது ஆல்பத்தை நம்ம ஸ்டுடியோவில் பண்ணுங்க" என்று அவர் சொன்னபோது மூன்று பேருக்கும் கால் தரையில் இல்லை. 'பிழியப் பிழிய' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆல்பத்துக்கு முதல் பதிவு ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமைதான் மடிப்பக்காவின் கை உருளைக்குள் போனது.

மடிப்பக்கா மடிப்பு மேசையின் தலைவி. அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் தாளை வைத்தால் தாள்தான் கோணலாகத் தெரியும். அன்றைக்கு உருளையில் ஆள் குறைய, மூச்சுக்கு ஜோடியாக அவள் வந்து நின்றாள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். கை அதில் பட்டால் இயந்திரம் அந்த நொடியே நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அந்த வாரம் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. இயந்திரம் அடிக்கடி நிற்கிறது என்று மேற்பார்வையாளர் கம்பியைக் கழற்றி சோப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால் சாத்தச் சொன்னார். போதாததற்கு வேகத்தையும் ஒரு திருகு ஏற்றினார். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அறிக்கை மறுநாளே தயாராகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு மாத்திரை வர எடுக்கும் நேரம்கூட அதற்கு ஆகவில்லை. "தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." அன்று கூடத்தில் இருந்த ஆறு பேரும் சாட்சிக் கையெழுத்து. மூச்சு வெள்ளிக்கிழமைப் பதிவுக்கு அரைநாள் விடுப்புக் கேட்டிருந்தாள். மேற்பார்வையாளர் விடுப்புச் சீட்டையும் அறிக்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, "ரெண்டுலயும் போடும்மா, எனக்கு வேலை இருக்கு" என்றார்.

படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. படித்தாள். மொத்தம் ஏழு வரி. கம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்துவிட்டுத்தான் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவில் அவள் வாயிலிருந்து ஒரு வரி உருப்படியாக வரவில்லை. அடுத்த வாரம் அவள் எழுதிக்கொண்டு வந்த பாட்டுக்குப் பெயர் 'கம்பி'. இந்தப் பாட்டு ஆல்பத்தில் வந்தாக வேண்டும், வந்தால்தான் நான் மனுஷி என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அறிக்கை ஒரு அலமாரிக்குள் கிடக்கும். பாட்டு ஊரெல்லாம் கேட்கும். எது பெரிது?

எழுதியதை மடிப்பக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். மடிப்பக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தணிக்கை அதிகாரி மாதிரி கேட்டாள்.

"திங்கக்கெழமைன்னு இருக்கு. செவ்வாக்கெழமை."

"தாளத்துக்கு அது இடிக்குதுக்கா."

"என் கை எந்த நாள் போச்சோ அந்த நாளைப் போடு. தாளத்தை நீ இழுத்துக்கோ. அப்புறம், திருகாணி நாலுன்னு எழுதியிருக்க. கம்பிக்கு ரெண்டுதான்."

"சரிக்கா."

"ஒப்பாரி வேணாம். 'ஐயோ என் அக்கா'ன்னு ஒரு வரி வருது பாரு, அதை அடி. கம்பி இல்லைன்னு சொல்லு. யாரு கழட்டச் சொன்னான்னு சொல்லு. அது போதும்."

கொழுந்தன் ஒரு மதிய இடைவேளையில் சலவைக்கூடத்துக்கு வந்து, லிஃப்ட் பார்க்கிற சாக்கில், உருளையின் ஓசையைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போனான். உருளையைச் சுற்றிய துணியில் ஒரு தையல் உண்டு. சுற்றுக்கு ஒருமுறை அது கட்டையில் மோதித் 'தொம்' என்னும். அதுதான் பாட்டின் தாளம். அதன்மேல் விரிப்பு விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கிற குரல்: பிடி, விரி, விடு, தள்ளு. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்த பெண் அதைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, இதோட வேகம் நடுவுல ஏறுது. நேராக்கிடவா?"

"ஏறத்தான் செய்யும். அன்னிக்குத் திருகினாங்க. என் கொழுந்தன் அதே மாதிரி ஏத்தியிருக்கான்."

அந்தப் பெண் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்படியே இருக்கட்டும்."

மூன்று மாதத்தில் பத்துப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவது 'சுத்து சுத்து' என்ற ஆட்டப் பாட்டு. துவைக்கும் இயந்திரத்துக்குள் சிக்கிய காதலனைப் பற்றி நரை எழுதிய கூத்து. பத்தாவது 'கம்பி'. பத்தையும் கேட்கத் தயாரிப்பாளர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'கம்பி' முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூச்சு சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்பார், அரசியல் வேண்டாம் என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"பிரமாதம் சிஸ்டர்," என்றார் அவர். "உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆனா இது வேணாம்."

"ஏன் சார்? வழக்கு வருமா?"

"சேச்சே. வழக்கு வந்தா விளம்பரம்தானே. பிரச்சினை பாட்டுல இல்ல. பத்து ஆகுது பாருங்க. நம்ம எண்காரர் கறாராச் சொல்லிட்டார். என் பிறந்த தேதிக்கும் கம்பெனி பேருக்கும் ஒம்பதுதான் பொருந்துமாம். பத்துன்னா ஒண்ணும் பூஜ்யமும். ஒண்ணு தனியா நிக்கும், பக்கத்துல சூன்யம்."

முதலில் வாய் திறந்தவன் நரை. "சார், என் கடைக் கதவு நம்பர் ஒம்பது. காலையிலேருந்து ஈயைத்தான் ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"உங்க பிறந்த தேதிக்கு அது ஒத்துவரலை போல."

"எங்க லிஃப்ட்டுல எட்டுப் பேருக்குத்தான் அனுமதி," என்றான் கொழுந்தன். "ஒம்பதாவது ஆள் கால் வெச்சா அலாரம் அடிக்கும். அதுக்குக் காரணம் எடை சார். எண் இல்ல."

"இதெல்லாம் நம்பிக்கை தம்பி. வாதம் பண்ணக்கூடாது."

வாதம் பண்ணக்கூடாத இடத்தில்தான் உலகத்தின் எல்லாத் தடுப்புக் கம்பியும் கழற்றப்படுகிறது. மூச்சுக்கு நெஞ்சில் ஏறியது கோபம்தான். ஆனால் மனப்பாடம் செய்த பதில் ஒன்றுகூட இந்த மடத்தனத்துக்குப் பொருந்தவில்லை. எதிரி கத்தியோடு வருவான் என்று கேடயம் தூக்கி நின்றால், அவன் சோழியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"சார்," என்றாள். "மடிப்பக்காவுக்குப் பத்து விரல் இருந்துச்சு. இப்ப ஏழு. ஏழு நல்ல எண்ணான்னு உங்க எண்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

தயாரிப்பாளர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டவில்லை. ஒன்பது என்றால் ஒன்பது.

அவர் போன பிறகு நரை சொன்னான், "என் 'சுத்து சுத்து'வைத் தூக்கிடலாம்கா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." அவன் நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவன் தனியாக எழுதிய பாட்டு. தவிர, கம்பெனி நம்பியிருந்ததே அந்த ஆட்டப் பாட்டைத்தான்; அதைத் தூக்கினால் ஆல்பத்தையே தூக்கிவிடும். பாடல்களை வரிசைப்படுத்திய திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒலிப்பதிவுப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: "எண்ணிக்கைதானே அவருக்குப் பிரச்சினை? ரெண்டையும் ஒட்டிட்டா ஒரே பாட்டு. ஒம்பதுக்குள்ள வந்துடும்."

"ஒட்டலாம்," என்றாள் மூச்சு. "ஆனா 'கம்பி' முன்னாடி. ஆடணும்னா எங்க உருளையைத் தாண்டி வந்து ஆடட்டும்."

"அண்ணி, அது வேணாம்னு தோணுது," என்றான் கொழுந்தன். "பின்னாடி வெச்சா, ஆடி முடிச்சவங்க நாலு பேராவது கேப்பாங்க."

"நாலு பேர் எனக்கு எதுக்கு? எல்லாரும் கேக்கணும்."

சலவைக்கூடத்தில் அப்படித்தான் வேலை. அழுக்கு மூட்டையை முதலில் போட்டால்தான் மற்றதெல்லாம் நகரும். பாட்டுக் கேட்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை. தயாரிப்பாளர் எண்ணிப் பார்த்தார். ஒன்பது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

'பிழியப் பிழிய' வெளிவந்த முதல் வாரத்திலேயே 'சுத்து சுத்து' தீயாகப் பரவியது. மூச்சு கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. ஏழாம் நாள் கொழுந்தன் வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தொண்டையைச் செருமினான்.

"என்ன தம்பி, சொல்லித் தொலைங்க."

"யாரு எந்த நொடியிலேருந்து கேக்குறாங்கன்னு கம்பெனி கணக்குல தெரியும் அண்ணி. நூத்துக்குத் தொண்ணூறு பேரு நேரா நாலு நிமிஷம் பத்து நொடிக்குத் தாவுறாங்க. அங்கதான் 'சுத்து சுத்து' ஆரம்பிக்குது. ஒருத்தன் அந்த நொடியை எழுதியே போட்டுட்டான். 'முன்னாடி ஏதோ மெஷின் சத்தம், நேரா இங்க போங்க'ன்னு. அதுக்கு ஆயிரக்கணக்குல விருப்பம்."

சலவைக்கூடத்தில் அதைவிட மோசம். மடிப்பு மேசையில் கைப்பேசியைச் சாத்தி வைத்து அவளுடைய தோழிகளே நாலு நிமிஷம் பத்திலிருந்துதான் போட்டார்கள். உருளைக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் அவள் கேட்டே விட்டாள்: "முதல்லேருந்து போட்டா என்னடி?"

"இங்க எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைத்தானே கேக்குறோம். பாட்டுலயுமா?"

"அதுல அக்காவுக்கு நடந்தது இருக்கு."

விரிப்பு உருளைக்குள் போய் முடிகிறவரை தோழி வாய் திறக்கவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக் காற்றை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கென்ன, பாடிட்ட. பாரம் இறங்கிடுச்சு. நாங்க கையெழுத்துப் போட்டவங்க. காது குடுத்துக் கேக்க முடியல."

"நானும்தான் போட்டேன்."

"அப்ப எந்தத் தைரியத்துல பாடுன?"

மூச்சு அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தாள். உருளைக்கு முன்னால் அன்றும் கம்பி இல்லை. அது பீப்பாய்களுக்குப் பின்னாலேயே கிடந்தது. இரண்டு திருகாணிகளும் ஒரு காலி டப்பாவில். ஆல்பம் வந்து, ஊர் ஆடி, அந்தக் கூடத்தில் ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை.

இரண்டாவது வாரம் கம்பெனி பாட்டைக் கத்தரித்தது. யாரையும் கேட்கவில்லை. ஒன்பதாவது பாட்டு இப்போது நேராக 'சுத்து சுத்து'வில் தொடங்கியது. மூச்சு தயாரிப்பாளரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரசிகர்கள் வசதிக்குத்தான் சிஸ்டர். கோவப்படாதீங்க. எண்ணிக்கை அப்படியே ஒம்பதுதானே இருக்கு?"

அன்று மாலை அவள் மடிப்பக்கா வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே மன்னிப்புக் கேட்கிற வசனத்தைக் கட்டிக்கொண்டு போனாள். மடிப்பக்கா இடது கையால் மாத்திரைக் குப்பியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போனால் முறைப்பாள் என்று தெரிந்து மூச்சு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாட்ட எடுத்துட்டாங்கக்கா."

"தெரியும். கீழ்வீட்டுக்காரி சொன்னா." மூடி திறந்தது. "நான் முதல் நாளே முழுசாக் கேட்டுட்டேன். நல்லா இருந்துச்சு. நாள் சரி. திருகாணி சரி. மேற்பார்வையாளரை வெச்சு வாங்கியிருக்க."

"ஒருத்தரும் கேக்கலக்கா. எல்லாம் வீணாப் போச்சு."

"கேட்டிருந்தா மட்டும்? பாட்டை வெச்சு அறிக்கையை மாத்துவாங்களா?" மடிப்பக்கா எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் மடியில் போட்டாள். அறிக்கையின் நகல். "தொழிலாளர் அலுவலகத்துல மேல்முறையீடு போட்டிருக்கேன். அங்க இருக்கிற ஆளு சொல்றாரு, 'ஆறு பேர் கையெழுத்து இருக்கேம்மா, இதுல ஒருத்தராவது மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் வழக்கு நிக்கும்'னு."

மூச்சு தாளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

"மூணாவது கையெழுத்து உன்னுது," என்றாள் மடிப்பக்கா.

"தெரியுமா உனக்கு?"

"எனக்கு விரல்தான் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே என்னை வெளிய போடின்னு சொல்லியிருக்கலாமே! ஒக்காந்து நாள், கெழமை எல்லாம் திருத்திக் குடுத்தியே."

"எதுக்குத் திருத்துனேன்? பாட்டுல மேற்பார்வையாளரைத் திட்டுன. முதலாளியைத் திட்டுன. கம்பியைத் தூக்கிட்டுப் போனவனைத் திட்டுன. வரிசையா எல்லாரும் வந்தாங்க. அடுத்த வரியில நீ வருவ, அடுத்த வரியில நீ வருவன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் வரவே இல்லை." மடிப்பக்கா மாத்திரையை விழுங்கினாள். "பாட்டு உனக்கு. எனக்கு ஒரு தாள் வேணும்."

மறுநாள் மூச்சு விடுப்புக் கேட்கவில்லை, வேலைக்கே போகவில்லை. வீட்டு மேசையில் தாளை விரித்து எழுதினாள். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் எதையும் எழுதியதில்லை. கைப்பழக்கத்தில் எதுகை தானாக வந்து விழுந்தது; வாக்கியம் தாளத்துக்கு வளைந்துகொண்டு நின்றது. ஒவ்வொன்றாக அடித்தாள். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். தடுப்புக் கம்பி இல்லை. மேற்பார்வையாளர் கழற்றச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். வேகத்தை ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, விதிப்படி அதை அவளுக்கே உரக்க வாசித்துக் காட்டினார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ரேஷன் பட்டியலை வாசிக்கிற குரல். கடைசி வாக்கியத்தில் நின்றார்.

"'முந்திய அறிக்கை பொய் என்று தெரிந்தும், விடுப்புக்காக, படித்துவிட்டே கையெழுத்திட்டேன்.' இது வேண்டாம்மா. உங்களுக்குத்தான் வம்பு. 'அவசரத்தில் கவனிக்கவில்லை'ன்னு மாத்திக்கலாமா?"

"கவனிச்சேன் சார். அப்படியே இருக்கட்டும்."

"வேலை போயிடும்."

"தெரியும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார். "அடுத்த விசாரணை நாலு மாசம் கழிச்சு. தபால் வரும்."

"நாலு மாசமா?" அவள் குரலில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "சார், அந்த உருளை இன்னிக்கும் கம்பி இல்லாமதான் ஓடுது. இந்த நிமிஷம் அங்க ரெண்டு பேரு கை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"இது நடந்த விபத்தைப் பத்தின பிரிவும்மா. கம்பி இல்லைங்கிறது பாதுகாப்புப் பிரிவு. மூணாவது மாடி. அதுக்குத் தனி மனு."

"யாரும் இதுவரைக்கும் குடுக்கலையா?"

எழுத்தர் ஒரு பதிவேட்டைப் புரட்டினார். விரலை மேலிருந்து கீழே இறக்கினார். "இல்லை."

மூன்று மாதம் ஸ்டுடியோ, உருளையின் ஓசை, வேகம் ஏறுகிற தாளம், எண்காரர், ஒட்டல், கத்தரிப்பு. இவ்வளவுக்கும் நடுவில் மூன்றாவது மாடிக்கு ஒரு தாள் போகவில்லை. கோபத்தை யார் மேல் இறக்குவது என்று பார்த்தாள். எழுத்தரைத் தவிர எதிரில் ஆள் இல்லை; அவர் மேல் தப்பும் இல்லை.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்," என்றாள். "பேனாவும்."

"மூணாவது மாடி அரைமணியில மூடிடுவாங்க."

"அதுக்குள்ள எழுதிடுவேன்."

சுவரோரப் பெஞ்சில் இடம் இல்லை. அவள் தாளைச் சன்னல் திண்டில் வைத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள்.